மூச்சு வாங்காத பாட்டுக்காரி

மழைக்காலம் தொடங்கி வயலெல்லாம் பச்சை பிடித்திருந்த நாட்களில் அந்தப் பாட்டு எங்கள் ஊருக்கு வந்தது. முதலில் ஓட்டோக்காரர்களின் போனில் கேட்டது. பிறகு செங்கலடிச் சந்தையில் வெற்றிலை விற்கிறவர் வைத்துக் கேட்டார். ஒரு கிழமைக்குள் வாவிக்கரையில் மீன் தரம் பிரிக்கிற பெண்கள்கூட அதை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள்.

வட்டைக்குப் போன மச்சான் வரம்பில போன் பாத்திருக்க
வெட்டின வாய்க்கால் தண்ணி வேறாள்ர வயலுக்குப் போச்சே!

வட்டை என்றால் எங்கள் பக்கத்தில் பெரிய வயல்வெளி. வேலைக்குப் போன புருஷன் வரம்பில் குந்தியிருந்து போன் நோண்ட, அவன் வெட்டிவிட்ட தண்ணீர் அடுத்தவன் பயிருக்குப் பாய்ந்துவிட்டது என்று பெண்சாதி ஏசுகிறாள். எங்கள் ஊரில் பாதிப் பெண்கள் தங்கள் வாயால் சொல்ல நினைத்திருந்ததை அவள் பாடிவிட்டாள். பிறகு ஏன் பிடிக்காது?

பாட்டோடு ஒரு படமும் வந்தது. இருபது இருபத்திரண்டு வயதுப் பெண், நூல் சேலை, கையில் அரிவாள், பின்னால் பச்சை வயல். கதிர் தள்ளாத நெல்லுக்குள் அரிவாளோடு நின்று என்னத்தை வெட்டப்போகிறாள்? அதை நான் அப்போதே கவனித்தேன். படம் எடுக்கிறவர்களுக்கு வயல் எங்கே தெரியும் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருவரைப் பற்றிப் பேச்சு வந்தால் முதலில் ஊர் எது என்பார்கள். அடுத்து, தாய்வழியில் என்ன குடி என்பார்கள். குடி தெரியாத ஆளைப் பற்றிப் பேசினால் சாப்பிட்டது செமிக்காது. அந்தப் பெண்ணுக்கும் அதே விசாரணை நடந்தது. கல்குடாவில் இருக்கும் தன் மச்சாளின் பெறாமகள்தான் அவள் என்று ஒருவர் சத்தியம் செய்தார். தன்னாமுனைப் பிள்ளை, சின்னதில் தூக்கி வைத்திருந்தேன் என்றார் இன்னொருவர். கோயில் நிர்வாகத்தில் இருந்த இரண்டு பேர், வேறு வேறு குடிக்காரர்கள், அவள் தங்கள் குடிப் பிள்ளை என்று தேத்தண்ணிக் கடையில் சண்டை பிடித்துக்கொண்டு மூன்று நாள் முகம் பார்க்கவில்லை.

"எங்கட புள்ளதான். அந்த நாடிய வடிவாப் பாருங்க," என்றார் ஒருவர், தன் மோவாயைத் தொட்டுக் காட்டி.

"நாடி எல்லாருக்கும் இரிக்கி," என்றார் மற்றவர்.

நான் சிரித்துக்கொண்டிருந்தேன், என் தலையில் வந்து விடியும் வரைக்கும்.

நான் ஒரு பாட்டுக்காரி. பகலில் சட்டை தைப்பேன். திருவிழா, கலியாணம், பொங்கல் விழா என்றால் எங்கள் இசைக்குழுவில் பாடுவேன். பத்தொன்பது வயதில் மைக் பிடித்தவள், இப்போது நாற்பத்தேழு. சினிமாப் பாட்டுக்குச் சின்னப் பெண்கள் வந்துவிட்டார்கள். நாட்டுப் பாட்டு மட்டும் என் கையில் இருந்தது. போன வருஷம் ஒரு மேடையில் மேல்ஸ்தாயியில் குரல் உடைந்தது. ஒரு சொல்தான், ஒரு நொடிதான். ஆனால் முன்வரிசையில் இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை நான் கண்டேன். அன்றைக்கே என் மனதில் ஒரு கணக்கு விழுந்தது: இன்னொருமுறை இப்படி நடந்தால் மைக்கை வைத்துவிட்டுத் தையல் மெஷினோடு இருந்துவிடுவது. இதை ஒருவருக்கும் சொல்லவில்லை.

அந்த நிலைமையில்தான் ஊர்ச் சங்கத்துச் செயலாளர் வீட்டுக்கு வந்தார்.

"பொங்கல் விழாவுக்கு அந்தப் புள்ளையக் கூப்பிடத்தான் பாத்த நாங்க. செய்தி போட்டா மறுமொழி இல்ல. கூப்பிட ஏலாமப் போய்த்து. நீங்க அந்தப் பாட்டப் பாடுங்க அக்கா."

கிடைக்காதவளுக்குப் பதிலாக நான்! எனக்குச் சுறுக்கென்று ஏறியது. ஆனால் வாய், "ஓம், அதுக்கென்ன," என்று சொல்லிவிட்டது. பாட்டுக்காரிகளின் வாய் அப்படி. மேடை என்றால் முதலில் சம்மதிக்கும், பிறகுதான் யோசிக்கும்.

யோசிக்க வேண்டி வந்தது. முதல் இரண்டு அடியும் வெண்ணெய். மூன்றாம் அடியில் மச்சானின் குற்றப்பட்டியல் தொடங்குகிறது. மடை உடைந்தது, மாடு ஏறியது, மருந்தடிக்க மறந்தது, மண்வெட்டியைத் தொலைத்தது, கூலியாளோடு கோபித்தது என்று போய்க்கொண்டே இருக்கும். அவள் அதை ஒரே இழுப்பில் பாடுகிறாள். எங்கும் நிற்பதில்லை, அவசரமும் இல்லை, கடைசிச் சொல்லில்கூடக் குரல் மெலிவதில்லை. நான் கூலியாள் வரைக்கும் போவதற்கு முன்னால் மண்வெட்டியிலேயே விழுந்தேன். அடுத்த நாள் நெஞ்சு நிறையக் காற்றை அடைத்துக்கொண்டு தொடங்கினேன். கூலியாளைத் தொட்டேன், கண் இருண்டது.

ஒரு கிழமை இதே கதை. போனை வைத்து அவளோடு சேர்ந்து பாடுவேன். நான் மூச்சிரைக்க நிற்பேன். அவள் பாட்டுக்குப் பாடிக்கொண்டு போவாள். எனக்கு அவளைப் பிடிக்காமல் போனது. ஒருநாள் போனைக் கட்டிலில் எறிந்தேன். பிறகு ஓடிப்போய் உடைந்ததா என்று பார்த்தேன்.

கடைசியில் பயம் பிடித்தது. நெஞ்சில் ஏதும் வருத்தமோ, நோயோ என்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். டொக்டர் முதுகிலும் நெஞ்சிலும் வைத்துப் பார்த்துவிட்டு, என்ன கஷ்டம் என்று கேட்டார்.

"ஒரு பாட்டுப் பாட மூச்சுப் பத்துதில்ல டொக்டர்."

"எல்லாப் பாட்டுக்குமா?"

"இல்ல. ஒரு பாட்டுக்கு. அதிலயும் ஒரு அடிக்கு."

அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார். "அப்ப வேற பாட்டுப் பாடுங்கோவன்," என்றார். வெளியே வந்து பஸ்சுக்கு நிற்கும்போது எனக்கு அழுகை வந்தது. வருத்தம் இல்லை என்றால் வயதுதானே?

என் வீட்டுக்காரர் வாவியில் வலை வீசுகிறவர். பாட்டுக் கீட்டு என்றால் அவருக்கு ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுகிற விஷயம். அன்று பின்னேரம் முற்றத்தில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். நான் போனைப் போட்டு, பாடி, மண்வெட்டியில் விழுந்து, திரும்பப் போட்டு, திரும்ப விழுந்து கொண்டிருந்தேன். ஆறேழு தரம் பார்த்துவிட்டு அவர் கேட்டார்:

"இந்தா கா, நீ மூச்சு வாங்கிற சத்தம் எனக்கு இஞ்ச கேக்கிது. அந்தப் புள்ள எப்ப மூச்சு வாங்குது?"

"அவள் நல்லாப் பழகினவள். அதான் கேக்குதில்ல."

"பழகினா மூச்சு வேணாமா?"

நான் போனைக் காதோடு ஒட்டிக் கேட்டேன். முதல் அடிக்கு முன்னால் இல்லை. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இல்லை. பாட்டு முடிந்த பிறகும் இல்லை. இருபத்தெட்டு வருஷம் பாடியவள் ஒரு கிழமை முழுக்க இதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வலை வீசுகிற மனிதர் வந்து சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

எங்கள் குழுவில் கீபோட் வாசிப்பவரிடம் ஓடினேன். அவர் என்னோடு படித்தவர், போன் விஷயங்களில் கொஞ்சம் விளக்கமுள்ளவர். காதில் மாட்டிக்கொண்டு இரண்டு தரம் கேட்டார். அந்தப் பெண்ணின் வேறு படங்களையும் தட்டிப் பார்த்தார். ஒரு படத்தில் அவளுக்கு இடது கன்னத்தில் மச்சம் இருந்தது, இன்னொன்றில் வலது கன்னத்தில்.

"இது ஆளில்ல," என்றார். "ஏஐ. கொம்பியூட்டர் பாடுறது."

இது எங்களோடு நிற்கிற விஷயமும் இல்லையாம். அமெரிக்காவில் குதிரையும் தொப்பியுமாகப் பாடுகிற நாட்டுப் பாட்டிலும் இப்படி ஆளில்லாத பாட்டுக்காரர்கள் வந்துவிட்டார்களாம். உண்மையான ஆட்களைத் தள்ளிவிட்டுப் பட்டியலில் மேலே ஏறுகிறார்களாம். சனமும் ஆளென்று நினைத்துக் காதல் கடிதம் எழுதுகிறதாம். அவர்களுக்கும் குடி கேட்கத் தெரிந்திருந்தால் இன்னும் கூத்தாக இருந்திருக்கும்.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். நெஞ்சில் வருத்தமும் இல்லை, வயதும் இல்லை. நெஞ்சே இல்லாத ஒன்றோடு போட்டிக்கு நின்றிருக்கிறேன். அடுத்து கோபம். அதற்கடுத்து வந்ததுதான் போகவே இல்லை. மெஷினுக்கு மூச்சு வேண்டாம், சரி. ஆனால் வாய்க்கால் தண்ணீர் அடுத்தவன் வயலுக்குப் போனால் ஒரு பெண்சாதிக்கு வயிறு எப்படி எரியும் என்று அதற்கு யார் சொல்லிக் கொடுத்தது? பாட்டின் இழுப்பும் நெளிவும் எங்கள் பக்கத்து நாட்டார் கவியேதான். இதற்குப் பின்னால் வயலைக் கண்ட ஆள் ஒன்று இருக்கிறது. யார் அது? அதை அறியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தப் பாட்டைப் போட்டிருந்த இணையப் பக்கத்துக்கு ஒரு செய்தி போட்டேன். மரியாதையாக எழுதத்தான் நினைத்தேன். கை இப்படி எழுதியது: "நீங்கள் யாரோ தெரியாது. மூன்றாம் அடியில் ஒரு மனிசி எங்கே மூச்சு எடுப்பாள் என்று சொல்லுங்கள். நான் அதை மேடையில் பாட வேண்டும்."

செயலாளருக்கு வராத மறுமொழி எனக்கு அரை மணித்தியாலத்தில் வந்தது.

"அல்லாஹ்! நான் அத யோசிக்கவே இல்லயே. நீங்க மெய்யாவே பாடப்போறீங்களா? வாயால?"

எழுதியவள் ஏறாவூர்ப் பெண். என்னைவிட நாலைந்து வயது குறைவு. புருஷன் சவுதியில் லொறி ஓட்டுகிறார். வீட்டோடு சேர்ந்த கொட்டிலில் கைத்தறி போட்டிருந்தாள். அடுத்த சனிக்கிழமை பஸ் ஏறிப் போனேன். வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தவள், "பொங்கல் விழாப் போஸ்டர்ல நீங்க கொஞ்சம் கறுப்பு அக்கா. இரிங்க, தேத்தண்ணி ஊத்துறன்," என்றாள். எனக்கு உடனே பிடித்துவிட்டது.

நான் சுற்றி வளைக்கவில்லை. "எப்படிச் செய்றது? எனக்குக் காட்டு," என்றேன்.

காட்டினாள். சின்ன வயதில் தகப்பனோடு வயலுக்குப் போனவள். வாய்க்கால், வரம்பு, சண்டை எல்லாம் அங்கே கண்டது. தறியில் இருக்கும்போது அந்தத் தட்டுச் சத்தத்துக்குக் கவி கட்டுவாள். தறி நிற்காது, அதனால் அடியும் நிற்காது. கட்டியதைப் போனில் எழுதுவாள். பிறகு கொட்டில் கதவைச் சாத்திவிட்டு, மெட்டைத் துண்டு துண்டாகப் போனுக்குள் மெதுவாகப் பாடிக் கொடுப்பாள். மெஷின் அந்தத் துண்டுகளை ஒட்டி, அவள் குரலை எடுத்துவிட்டு, அந்த இளம் பெண்ணின் குரலைப் போட்டுத் தரும். முதலில் அது என்னென்னவோ மாதிரிப் பாடியதாம், பள்ளிக்கூடப் பிள்ளை பேச்சுப்போட்டிக்குப் போன மாதிரி. திரும்பத் திரும்பப் போட்டுச் சரிக்கட்டியிருக்கிறாள்.

"அப்ப உள்ளுக்க இரிக்கிறது உன்ட குரல்தானே?"

"இரிக்கி. ஆனா ஒருத்தருக்கும் விளங்கா."

"நீயே பாடிப் போட்டா என்ன? ஆரும் வேணாம் எண்டு சொன்னதா?"

அவள் தேத்தண்ணிக் கோப்பையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். "ஒருத்தரும் வேணாம் எண்டு சொல்லல்ல அக்கா. ஒருத்தரும் பாடு எண்டும் சொல்லல்ல."

பத்தொன்பது வயதில் என்னை ஒருவர் பாடு என்று மேடைக்குத் தள்ளியிருக்கிறார். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த நேரம்வரை நான் யோசித்ததில்லை.

"சரி, உங்கட வாயால கேப்பம்," என்றாள். நான் தொடங்கினேன். இரண்டாம் அடியில் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள், சிரிப்போ என்னவோ. மூன்றாம் அடியில் மடை உடைந்தது, மாடு ஏறியது, மருந்து மறந்தது, மண்வெட்டியில் என் மூச்சு தீர்ந்தது.

நான் விட்ட இடத்தில் அவள் எடுத்தாள்.

யோசித்துச் செய்யவில்லை. கூத்தில் ஆடுகிறவர் பாடிக் களைக்கும்போது பின்னால் நிற்பவர்கள் அந்த அடியை வாங்கிப் பாடுவார்கள், பிற்பாட்டு என்போம். அப்படித்தான் கை நீட்டி வாங்கியதுபோல் வாங்கிவிட்டாள். கூலியாளோடு கோபித்ததைப் பாடி, அடியை முடித்து, என்னைப் பார்த்தாள். பார்த்த பிறகுதான் தான் பாடியது அவளுக்கு உறைத்தது. தடித்த குரல், கொஞ்சம் கரகரப்பு. அந்த இளம் பெண்ணின் குரலுக்கும் இதற்கும் ஒட்டே இல்லை. அந்தப் பெண் மச்சானைக் கேலி செய்கிறாள். இவள் பாடும்போதோ அவனை உண்மையாகவே ஏசுகிறாள், உண்மையாகவே விரும்புகிறாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. அதை அவளிடமே சொன்னேன்.

"சும்மா போங்க அக்கா," என்றாள். முகம் சிவந்துவிட்டது.

அடியை இரண்டாக வெட்டித் தரவா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். பாடுவதற்கு வழி தெரிந்துவிட்டது, ஏன் வெட்ட வேண்டும்? தன் பேரை மட்டும் மேடையில் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டாள். சம்மதித்தேன்.

பொங்கல் விழா வாவிக்கரை மைதானத்தில் பின்னேரம் நாலு மணிக்குத் தொடங்கியது. மூன்றாம் அடியை வாங்குவதற்கு கீபோட்காரரையும் மேளக்காரரையும் பழக்கி வைத்திருந்தேன். மேடையேறுவதற்கு முன் ஏறாவூருக்கு அழைப்பெடுத்து, அவள் கேட்கட்டும் என்று போனைக் கீபோட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். இதில் விழுந்தால் இதோடு சரி என்று எனக்கு மட்டும்தானே தெரியும்.

வேறாள் வயலுக்குத் தண்ணி போன இடத்தில் சனம் கொல்லென்று சிரித்தது. ஆம்பிளைகள் பக்கம் கொஞ்சம் குறைவாகச் சிரித்தது. மூன்றாம் அடி வந்தது. மடை, மாடு, மருந்து, மண்வெட்டி. நிறுத்தினேன். எங்கள் மேளக்காரர் ஒரு தாளம் பிந்திவிட்டார், அது அவருடைய பிறவிக்குணம். கீபோட்காரர் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த இடைவெளியில் முன்வரிசைப் பெண்கள் எடுத்தார்கள். பின்னால் நின்றவர்கள் சேர்ந்தார்கள். மாசக்கணக்கில் போனில் கேட்ட பாட்டு, எல்லாருக்கும் மனப்பாடம். கூலியாளோடு கோபித்ததை முழு மைதானமும் பாடியது. நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஆறுதலாக மூச்சு வாங்கிவிட்டு அடுத்த அடிக்குப் போனேன். ஒவ்வொரு முறையும் நான் விட, அவர்கள் எடுத்தார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு சுகமாக நான் ஒரு பாட்டைப் பாடியதில்லை.

இறங்கி வரும்போது ஒருவர், "நல்லம்தான். ஆனா அந்தப் புள்ள நிப்பாட்டாமப் பாடும்," என்றார். இன்னும் முப்பது வருஷத்துக்குப் பாடுவேன், வந்து கேளுங்கள் என்று சொல்லிவிட்டு நடந்தேன். போனை எடுத்துப் பார்த்தால் அழைப்பு எப்போதோ துண்டிக்கப்பட்டிருந்தது. அவள் எவ்வளவு தூரம் கேட்டாள் என்று தெரியவில்லை. அது ஒன்றுதான் மனதுக்குக் கஷ்டமாக இருந்தது.

அடுத்த நாள் காலையில் அவளே அழைப்பெடுத்தாள்.

"முழுக்கக் கேட்டன் அக்கா. சிரிச்சாங்களே, அந்தத் தண்ணி போன இடத்துல. அது சிரிக்கிற இடம் எண்டு எனக்குத் தெரியும், ஆனா சனம் சிரிச்சுக் கேட்டதில்ல. பிறகு எல்லாரும் எடுத்தாங்களே, அதுல எனக்கு என்ன நடந்த எண்டு தெரியா. நானும் எடுத்துட்டன். கதவு சாத்தல்ல. நல்ல சத்தமா."

"பக்கத்து ஊட்டுக்குக் கேட்டிருக்குமே?"

"கேட்டிரிக்கி. விடிய வந்து கேக்கிறா, நேத்து உங்கட ஊட்டுல அந்தப் புள்ளட பாட்டுப் போட்டீங்களே, குரல் வேற மாதிரி இரிந்திச்சே, புதுசா எண்டு."

"நீ என்ன சொன்ன?"

"ஓம், அந்தப் புள்ளதான் எண்டு சொல்லிட்டன்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. வாய்ப்பு வாசல்வரை வந்து கேட்டிருக்கிறது, இவள் மறுபடி அந்தப் படத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாளே!

"ஏன்டி பொய் சொன்ன?"

"என்ன பொய் அக்கா?" என்றாள். "அந்தப் புள்ள நான்தானே."